செசிலியா அனுப்பிய விருந்தாளிகள்

பெபிஷாவுக்குப் புயேப்லாவில் தெரியாத தெரு கிடையாது. மெக்சிகோவில் இருக்கிற பழைய நகரம் அது. பேராலயத்தின் எந்த வாசலில் கூட்டம் குறைவு, பொன் பூசிய சிற்றாலயத்துக்குள் எப்போது நல்ல வெளிச்சம் விழும், பூவேலை ஓடு செய்கிற பட்டறைகளில் எது சுற்றுலாக்காரனை மொட்டையடிக்கும், முகமூடி மல்யுத்தம் பார்க்க எந்த வரிசையில் உட்கார்ந்தால் மேலே வந்து விழமாட்டார்கள் என்பதெல்லாம் அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சொந்த மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையை மட்டும் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனபோது பார்த்ததுதான். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைத் தாண்டிக் கிழக்கே போனதைக் கைவிரலில் எண்ணிவிடலாம். மெக்சிகோவுக்கு அவள் போனதே இல்லை. அவளிடம் பாஸ்போர்ட்டே கிடையாது.

பிழைப்பு அப்படி. நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையின் மேல்மாடியில் அவளுடைய அலுவலகம். வெளிநாட்டு ஊர்களைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் எழுதிக் கேட்பார்கள். எங்கே தங்குவது, என்ன பார்ப்பது, எந்தச் சமையல் வகுப்பில் சேருவது என்று இவர்கள் பதில் எழுத வேண்டும். ஆளுக்கு ஓர் ஊர். மார்த்தாண்டத்துக்காரி ஜெப்சிக்குப் போர்ச்சுகலில் ஓர் ஊர், பெபிஷாவுக்குப் புயேப்லா. அந்தந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி எழுத வேண்டும் என்பது மேலாளர் வினோஜின் கட்டளை. அதற்கு ஆளுக்கொரு பெயரும் வைத்துக்கொள்ளச் சொன்னார். பெபிஷா தன் அம்மா செசிலியின் பெயருக்கு ஒரு வால் ஒட்டி, செசிலியா ஆனாள்.

அம்மாவுக்கு அதில் தாங்க முடியாத பெருமை. தன் பெயர் மெக்சிகோவில் ஓடுகிறது என்று மீன் ஏலக்கூடத்தில் ஒருத்தி விடாமல் சொல்லிவிட்டாள். ஊரில் பெபிஷாவுக்கு மெக்சிகோ என்றே பட்டப்பெயர் விழுந்தது. குளச்சலை அடுத்த கடற்கரை ஊர் அது. அங்கே பட்டப்பெயர் விழுந்தால் கல்லறையில்தான் எடுப்பார்கள். பொய்யாயிற்றே என்று பெபிஷாவுக்கு ஒருநாளும் உறுத்தியதில்லை. நாலு நாள் ஐஸில் கிடந்த சாளை மீனை இப்போதுதான் கரைக்கு வந்தது என்று விற்பவளின் மகளுக்கு இது ஒரு பொய்யா என்ன. வாங்கித் தின்றவனுக்கு வயிற்றைக் கலக்காத வரைக்கும் சரிதான்.

வயிற்றைக் கலக்கியது ஒரு செவ்வாய்க்கிழமை.

அவள் ஊரில் செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு உரிய நாள். தெருமுனைக் குருசடியில், அந்தச் சின்னச் சிலுவைக் கோயிலில், பூசை முடிந்ததும் அண்டா அண்டாவாக நேர்ச்சைக் கஞ்சி ஊற்றுவார்கள். புதுப்படகு இறக்கினவர்கள், பிள்ளைக்குக் கல்ஃபில் வேலை கிடைத்தவர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பினவர்கள் என்று வாரம் ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ளும். கஞ்சி, பயறு, தேங்காய் அரைத்த சம்மந்தி. ஊர்க்காரர்கள் இருப்பார்கள். பஸ் டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து உட்காருவார். கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் உட்காருவார்கள். யார், எந்த ஊர், என்ன மதம் என்று கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. காசை நீட்டினால் அதைவிடக் குறைவு.

அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டு மதிய வேலைக்கு வந்து உட்கார்ந்தபோது, ஹாலம் என்கிற கனடாக் கிழவரின் கடிதம் வந்திருந்தது. மனைவி இறந்துவிட்டாள், தனியாகத்தான் வருகிறேன், கோயில்களும் பழைய நூலகமும் பார்த்துக்கொள்வேன் என்று எழுதியிருந்தார். ஒரே ஒரு கவலை அவருக்கு. ஓட்டலில் ஒற்றைத் தட்டு வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், சுவரைப் பார்த்துச் சாப்பிட்டு அலுத்துவிட்டது, மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிட உங்கள் ஊரில் இடம் உண்டா என்று கேட்டிருந்தார்.

பெபிஷாவுக்கு மனசு இளகிவிட்டது. ஓட்டுப் பட்டறைத் தெருவுக்குப் பின்னால் அந்தோணியாருக்கு ஒரு சின்னக் கோயிலும் முன்னால் ஒரு முற்றமும் இருப்பதை வரைபடத்தில் பார்த்திருக்கிறாள். விரல் தானாக எழுதியது. செவ்வாய்க்கிழமை மாலைப் பூசை முடிந்ததும் அங்கே முற்றத்தில் சாப்பாடு போடுவார்கள், தயங்காமல் போய் உட்காருங்கள், நீங்கள் யார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள், பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், வருத்தப்படுவார்கள் என்று எழுதி அனுப்பினாள். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்தோணியார் இருந்தால் செவ்வாய் இருக்கும், செவ்வாய் இருந்தால் கஞ்சி இருக்கும். பிறந்ததிலிருந்து அவளுக்கு உலகம் அப்படித்தான்.

சில வாரம் கழித்துக் கிழவரின் நன்றிக் கடிதம் வந்தது. வாழ்நாளில் இப்படியொரு சாப்பாடு சாப்பிட்டதில்லையாம். அவள் சொன்னபடியே முற்றத்தில் நீள மேசை போட்டிருந்தார்களாம். உட்கார்ந்தாராம், யாரும் எதுவும் கேட்கவில்லையாம். கறுப்புக் குழம்பில் கோழி. ஓர் அம்மாள் இரண்டாம் தடவையும் கொண்டுவந்து வைத்தாளாம். அமைதியான ஜனங்கள், ஆனால் நல்லவர்கள் என்று எழுதியிருந்தார். சமையல் பிரமாதம் என்று கைஜாடையில் சொன்னதும் அந்த அம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டதாம். எல்லாரையும் சேர்த்து ஒரு படமும் எடுத்து இணைத்திருந்தார்.

பெபிஷா படத்தைத் திறந்தாள். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அத்தனை பேரும் கறுப்பு உடுத்தியிருந்தார்கள். தொப்பியும் கரண்டியுமாகக் கிழவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு சின்ன மேசையில், சட்டம் போட்ட படத்துக்குள் மீசை அரும்பிய ஒரு பையன். இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. தரையில் வெள்ளைப் பூவால் ஒரு சிலுவை. அது என்ன என்று தெரிந்துகொள்ள ஸ்பானிஷ் படித்திருக்க வேண்டியதில்லை. இறந்தவனுக்கு ஒன்பது நாள் செபம் சொல்லி, கடைசி நாளில் வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை விருந்து என்று அந்தக் கோயிலில் எந்தக் காலத்திலும் ஒன்று இருந்ததில்லை. அவள் சும்மா தேடிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

உடம்பு கூசியது அவளுக்கு. ஒரு தாய் மகனைப் புதைத்த ஒன்பதாம் நாளில், தொப்பி போட்ட ஒருவரை அனுப்பி, சமையல் பிரமாதம் என்று சொல்ல வைத்திருக்கிறாள். அந்த அம்மாளும் அழுதுகொண்டே இன்னொரு தட்டு கொண்டுவந்து வைத்திருக்கிறாள். பெபிஷா படத்தை மூடினாள். மூடினாலும் அந்தக் கரண்டி தெரிந்தது.

உடனே போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தாள். அதற்குள் வினோஜ் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார். கிழவர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டார். இந்தமாதிரி எழுத உங்களில் ஒருத்தருக்காவது வருமா என்று மற்றவர்களைக் கேட்டார், கைதட்டச் சொன்னார், தட்டினார்கள். அன்றைக்கே கம்பெனியின் இணையதளத்தில் ஒரு தனிப் பக்கம் ஏறியது: செவ்வாய்க்கிழமை விருந்து, உள்ளூர்த் தோழி செசிலியாவின் பரிந்துரை. சொல்ல வேண்டிய நேரம் அதுதான். பெபிஷா வாயைத் திறந்தாள். வந்தது, "தேங்க்ஸ் சார்." தன் வாயா அது என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

பிறகு தனக்குத் தானே ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள். அடுத்த செவ்வாய் போகிறவர்கள் வெறும் முற்றத்தைப் பார்த்துவிட்டுத் திட்டி எழுதுவார்கள், பக்கம் தானாகப் போய்விடும். அந்தத் திட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். ஆனால் வந்ததும் ஐந்து நட்சத்திரம்தான். இங்கிலாந்திலிருந்து போன ஒரு புருசனும் பெண்டாட்டியும் எழுதியிருந்தார்கள். முற்றத்தில் ஒன்றும் இல்லை, நாங்கள் விழித்துக்கொண்டு நின்றோம், முற்றத்தை ஒட்டிய வீட்டிலிருந்து ஓர் அம்மாள் வெகுநேரம் எங்களைப் பார்த்தாள், பிறகு உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டாள், முட்டையும் அவரைப் பயறும் ரொட்டியும் தந்தாள், என்ன உபசரிப்பு.

அதற்கடுத்த செவ்வாய்க்கு ஒரு கூட்டமே போயிற்று. அவர்கள் போகும் முன்பே மேசை போட்டுத் தயாராக இருந்ததாம். சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அம்மாள் தன் மகனின் படத்தைக் காட்டினாளாம். அழகான பையன் என்று இவர்கள் சொன்னார்களாம். ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்து என்னவோ சொன்னாளாம். வார்த்தை புரியவில்லை, ஆனால் இதயத்துக்கு மொழி எதற்கு என்று ஒருத்தி எழுதியிருந்தாள். இதயம் இருந்தவள்தான்; படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எதற்கு என்று மட்டும் அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. இன்னொருத்தன் காரம் கொஞ்சம் அதிகம் என்று ஒரு நட்சத்திரத்தைக் குறைத்திருந்தான்.

பெபிஷா கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அந்த நட்சத்திரத்தைக் குறைத்தவனைத் திட்டக்கூட அவளுக்கு யோக்கியதை இல்லை. அவனை அனுப்பியவளே அவள்தான்.

அதிலிருந்து குருசடிப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். செவ்வாயன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தலைகுனிந்து ஓடுவாள். கஞ்சியைக் கண்டாலே ஓடுகிறாளே, வயிறு சரியில்லையா என்று அம்மா சுக்குவெந்நீர் போட்டுக் கொடுத்தாள். அதையும் குடித்தாள். அலுவலகத்திலோ அந்த மாதத்தின் சிறந்த தோழி செசிலியாதான். சுவரில் அவள் படத்தை ஒட்டினார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் நாற்காலிக்குப் போக வேண்டும்.

கடைசியில் ஒருநாள் வினோஜிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அது விருந்தில்லை, சாவு வீட்டுச் சாப்பாடு, நானாக எழுதியது, பக்கத்தை எடுத்துவிடலாம் என்றாள். வினோஜ் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். பேனாவை மேசையில் தட்டியபடி யோசித்தார்.

"அந்த அம்மா யாரையாவது வெளிய போன்னு சொன்னாங்களா? இல்லேல்லா. முன்ன வழக்கம் இல்லேன்னா என்ன, இப்ப வழக்கம் ஆயிட்டுல்லா. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

பெபிஷா திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அந்த வாரக் கடைசியில், தளத்தின் வழியாக செசிலியாவுக்கு ஸ்பானிஷில் ஒரு கடிதம் வந்தது. எல்விரா என்று கையெழுத்து. கணினி மொழிபெயர்த்துக் கொடுத்ததை பெபிஷா வாசித்தாள்.

"செசிலியா மகளே, வருகிறவர்கள் போனில் உன் பெயரைக் காட்டினார்கள். நீதான் அனுப்புகிறாய் என்று என் அக்கா மகன் வாசித்துச் சொன்னான். என் தமியானை உனக்கு எப்படித் தெரியும்? கூடப் படித்தாயா? பட்டறையில் ஓட்டுக்குப் பூ எழுதுவானே, அங்கே பார்த்தாயா? அவன் போனபிறகு இந்த வீட்டுக்கு யார் வரப்போகிறார்கள் என்று இருந்தேன். ஒன்பதாம் நாள் அந்தத் தொப்பிக்கார ஐயா வந்தார். பிறகு செவ்வாய்தோறும் ஆட்கள் வருகிறார்கள். எவ்வளவு தூரத்திலிருந்தெல்லாம் என் பிள்ளைக்காக வருகிறார்கள். ஊரிலேயே இருக்கிற நீ ஏன் இன்னும் வரவில்லை? வா. உனக்கு ஒரு தட்டு எடுத்துவைத்திருக்கிறேன்."

தமியான் என்ற பெயரில் பெபிஷாவின் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலி ஜெப்சி என்னவென்று கேட்டதற்கும் நிமிரவில்லை.

மாலையில் கீழே டீக்கடையில் வைத்துத்தான் ஜெப்சியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஜெப்சி புனிதர்களை வணங்காத சி.எஸ்.ஐ. சபைக்காரி. உங்க ஆட்களுக்கு எந்தப் புனிதரைப் பார்த்தாலும் பசிக்கும் என்று வழக்கமாகக் கேலி பேசுகிறவள், அன்றைக்குப் பேசவில்லை. டீ ஆறும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பக்கத்த எடுத்திரு. வினோஜ் சார் சாடுனா சாடட்டும்," என்றாள். "ஆனா அந்த அம்மாட்ட உள்ளத சொல்லாண்டாம், கேட்டியா."

"பின்ன? அவங்களுக்கும் பொய் எழுதச் சொல்லுதியா?"

"செசிலியா வேற ஊருக்குப் போயிட்டா, ஒங்களுக்காக செபிக்கான்னு எழுது. ஆளு வரத்து மெதுவா நிக்கட்டும். பொய் ஒனக்க தலையில கெடந்தா கெடக்கட்டு மக்கா. அத எதுக்கு அவங்க தலையில எறக்கி வைக்கணும்?"

பெபிஷாவுக்குக் கோபம் வந்தது. பொய்யை மூட இன்னொரு பொய்யா என்று கேட்டாள். அந்தத் தட்டு கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, உண்மையைச் சொல்லாமல் இனி ஒருவாய்ச் சோறு இறங்காது என்றாள். ஜெப்சி டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தாள்.

திங்கட்கிழமை பெபிஷா முதலில் அந்தப் பக்கத்தை எடுத்தாள். போகவிருந்தவர்களுக்கெல்லாம் விருந்து இல்லை என்று எழுதினாள். பிறகு எல்விராவுக்கு எழுத உட்கார்ந்தாள். நான் செசிலியா இல்லை, உங்கள் ஊர்க்காரி இல்லை, உங்கள் ஊரைக் கண்ணால் பார்த்ததும் இல்லை, உங்கள் மகனைத் தெரியாது, வந்தவர்களுக்கும் தெரியாது, எங்கள் ஊர் வழக்கத்தை உங்கள் ஊரில் இருப்பதாக நினைத்து எழுதிவிட்டேன், உங்கள் துக்கத்துக்குள் ஊரானை அனுப்பிவிட்டேன் என்று ஒன்றுவிடாமல் எழுதினாள். எழுத எழுத அழுகை வந்தது. அழுகை வர வர எழுத்தும் நன்றாக வந்தது. மன்னித்துவிடுங்கள் என்று முதலில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை எழுதி அனுப்பிவிட்டு மூச்சுவிட்டாள்.

எவ்வளவு லேசாக இருந்தது. பக்கத்தைக் காணோம் என்று வினோஜ் வந்து காட்டுக்கத்தல் கத்தினார். வேலையை விட்டே எடுத்துவிடுவேன் என்றார். அவள் நிமிர்ந்து நின்று கேட்டுக்கொண்டாள், சுவரிலிருந்து தன் படத்தைத் தானே கிழித்தாள். மறுநாள் குருசடிக்குப் போனாள், சம்மணமிட்டு உட்கார்ந்து இரண்டாம் தடவையும் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள். வயிறு சரியாகிவிட்டது என்று அம்மாவுக்குச் சந்தோஷம். பஸ்ஸில் போகும்போது பாட்டுக்கூடக் கேட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு நல்ல பெண்ணாக இருந்தாள் பெபிஷா.

வியாழக்கிழமை பதில் வந்தது.

"மகளே, உன் கடிதத்தை அக்கா மகன் இரண்டு தடவை வாசித்துக் காட்டினான். அவன் நேற்றுத்தான் வந்தான். அதனால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று செவ்வாய்க்கிழமை எனக்குத் தெரியாது. கோழி வாங்கிச் சமைத்து மேசையெல்லாம் போட்டிருந்தேன். பொழுது சாயும் மட்டும் பார்த்தேன். மழையாக்கும், அடுத்த வாரம் வருவார்கள் என்று நினைத்தேன். மழை பெய்யவில்லை. நீ நல்ல பெண், உண்மையைச் சொன்னாய். உன்னை மன்னித்துவிட்டேன், அழாதே. ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். அப்படியானால் அவர்களெல்லாம் யாருக்காக வந்தார்கள்?"

பெபிஷா அதை வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். முகத்தில் ரத்தம் ஏறி, காது சுட்டது. கிழவரின் படத்தைப் பார்த்த அன்றுகூட இப்படி இருந்ததில்லை. அன்று அவள் செய்தது தெரியாமல் செய்தது. இது அப்படி இல்லை. ஒருத்தி சொல்லியும் கேட்காமல், தன் தொண்டையில் சோறு இறங்க வேண்டும் என்பதற்காக உட்கார்ந்து எழுதியது. மூன்று முறை மன்னிப்புக் கேட்டாள், கிடைத்துவிட்டது. மகனைத் தேடி உலகமே வருகிறது என்று அங்கே ஒருத்தி நம்பிக்கொண்டிருந்தாள், அது போய்விட்டது.

ஜெப்சி தன் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து திரையை எட்டிப் பார்த்தாள். படித்து முடித்தபிறகும் அவள், நான்தான் சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெபிஷாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"என்ன எழுதப் போறே?"

பெபிஷா விரல்களைத் தட்டச்சுப் பலகைமேல் வைத்தாள், எடுத்தாள். அவர்கள் சாப்பிட வந்தார்கள். அவ்வளவுதான் பதில். பெற்றவளிடம் அதைச் சொல்லவும் முடியாது, இனிமேல் மாற்றிச் சொல்லவும் முடியாது.